விற்பனையிலும் முதலிடம், வசவிலும் முதலிடம்

1997 நவம்பர் 4-ஆம் தேதி அமெரிக்கக் கடைகளுக்கு ஓர் ஆல்பம் வந்தது. பெயர் ‘கம் ஆன் ஓவர்’. பாடியவர் ஷனாயா ட்வெய்ன் என்ற கனடா நாட்டுப் பெண்மணி. மொத்தம் 16 பாட்டுகள். அவற்றில் 12 பாட்டுகள் தனித்தனியாகவும் வெளிவந்தன. அமெரிக்காவில் மட்டும் 2 கோடி படிகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. உலகம் முழுவதும் சேர்த்தால் 4 கோடி இருக்கும் என்கிறார்கள். கன்ட்ரி இசையில் இவ்வளவு விற்ற ஆல்பம் வேறு கிடையாது.

அதே ஆல்பத்துக்கு விழுந்த வசவும் கொஞ்சநஞ்சமல்ல. “இது கன்ட்ரியே இல்லை, தொப்பி போட்ட பாப் பாட்டு” என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். “பாடுவது அவள், ஆட்டுவிப்பது புருஷன்” என்றார்கள் சிலர். “எங்கள் வாழ்க்கையை முதல்முறையாக ஒருத்தி சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறாள்” என்று கொண்டாடியவர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி ஆல்பப் பட்டியலில் 50 வாரம் முதலிடம். எல்லா வகை இசையும் கலந்த பொதுப் பட்டியலிலோ 2-ஆம் இடத்துக்கு மேல் ஒரு வாரம்கூட ஏறவில்லை. இந்த ஒரு கணக்கே ஒரு கதை சொல்கிறது.

இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது, இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இன்று கொஞ்சம் பார்க்கலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: ஜிம் ரீவ்ஸ். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆங்கிலம் சரியாகப் புரியாதவர்கூட முணுமுணுத்த குரல் அது. வெல்வெட் துணியைத் தடவுவது போல இருக்கும். 1964 ஜூலை 31-இல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகும் பல ஆண்டுகள் அந்தக் குரல் இந்தப் பக்கம் ஒலித்துக்கொண்டே இருந்தது. நாம் அதையே அசல் கன்ட்ரி என்று நினைத்துக்கொண்டோம். அங்கே அவருடைய காலத்தில் பழைய ரசிகர்கள் அவரையும் அவர் கூட்டாளிகளையும் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? “இது கன்ட்ரி இல்லை” என்றுதான்!

காரணம் இருந்தது. கன்ட்ரி இசை தென் அமெரிக்க மாநிலங்களின், அதாவது அமெரிக்காவின் தெற்குப் பகுதியின், மலைக் கிராமங்களிலும் பருத்தி வயல்களிலும் பிறந்தது. பிடில், பாஞ்சோ, கிட்டார் இவைதான் வாத்தியங்கள். பிடில் என்பது நம் வயலின்தான், வாசிக்கும் பாணி வேறு. பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்த வாத்தியம். 1925-இல் நாஷ்வில் நகரத்து வானொலி நிலையம் ஒன்று இந்த இசைக்கென்று ஆரம்பித்த நிகழ்ச்சிதான் பிற்பாடு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று பேர் பெற்றது. இன்றும் நடக்கிறது. 1927-இல் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்து, கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்தார். அங்கிருந்து வியாபாரம் சூடு பிடித்தது.

1950-களின் நடுவில் எல்விஸ் பிரெஸ்லி வந்தார். இளசுகள் ராக் இசைக்கு ஓடினார்கள். கன்ட்ரி தட்டுகள் விற்கவில்லை. நாஷ்வில் கம்பெனிகள் யோசித்தன. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஓரமாக வைத்துவிட்டு, கூட்டு வயலின்களையும் பின்னணிக் கோஷ்டிக் குரல்களையும் கொண்டுவந்தார்கள். நகரத்து வீட்டுக் கூடத்திலும் கேட்கக்கூடிய மெத்தென்ற கன்ட்ரி பிறந்தது. ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று பேர். அந்த சவுண்ட் என்றால் என்ன என்று கேட்டவரிடம் அட்கின்ஸ் சட்டைப் பையில் கையைவிட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினாராம். காசுச் சத்தம்தான் அது என்று அர்த்தம்! ஜிம் ரீவ்ஸும் பாட்ஸி கிளைனும் அந்தப் பட்டறையில் வார்க்கப்பட்டவர்கள். இன்று அவர்கள் இருவரும் கன்ட்ரி இசையின் மூலவர்கள் மாதிரி.

அடுத்த சண்டை 1974-இல். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குக் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அந்த ஆண்டின் சிறந்த பாடகி விருதைக் கொடுத்தது. நாஷ்வில்காரர்களுக்கு மூக்கு மேல் கோபம். ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வினெட் தம்பதி வீட்டில் பாடகர்கள் கூடி, அசல் கன்ட்ரியைக் காப்பாற்றவென்று தனிச் சங்கம் ஒன்றையே தொடங்கிவிட்டார்கள். மறு வருஷம் இன்னும் வேடிக்கை. மிக உயர்ந்த விருதை அறிவிக்க மேடையேறிய சார்லி ரிச், உறையைப் பிரித்தார். உள்ளே ஜான் டென்வர் பெயர். சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து அந்தச் சீட்டைக் கொளுத்தியபடியே பெயரை வாசித்தார். எதிர்ப்பா, விளையாட்டா, மதுவும் மருந்தும் சேர்ந்த மயக்கமா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். அந்த சார்லி ரிச் பேர் வாங்கியதே வழவழப்பான பாப் வகைக் கன்ட்ரி பாட்டால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆக, ஷனாயா வரும்போது களம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அந்த அம்மாளின் கதை சினிமாக் கதை மாதிரி. 1965-இல் கனடாவின் வின்ட்ஸரில் பிறந்தவர். இயற்பெயர் ஐலீன். வளர்ந்தது வடக்கே டிம்மின்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊரில். வளர்ப்புத் தந்தை ஓஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். வீட்டில் வறுமை, அதோடு அடிதடி. பள்ளிக்குச் சாப்பாடு இல்லாமல் போன நாட்களைப் பற்றித் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எட்டு வயசிலேயே தாயார் அவரை மதுக்கடைகளில் பாட அழைத்துப் போவாராம். சட்டப்படி மது விற்கும் நேரம் முடிந்த பிறகுதான் குழந்தை உள்ளே போகலாம் என்பதால், நடு இரவில் தூங்கும் குழந்தையை எழுப்பிக் கூட்டிப்போவார். சற்றுப் பெரியவளானதும் கோடையில் வளர்ப்புத் தந்தையோடு காட்டில் மரக்கன்று நடும் வேலை.

1987 நவம்பரில் ஒரு சாலை விபத்தில் பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இவருக்கு 22 வயது. பள்ளி வயதில் தம்பி தங்கைகள். ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் ஓர் உல்லாச விடுதியில் இரவு நிகழ்ச்சிகளில் பாடி, அந்தச் சம்பளத்தில் அவர்களை ஆளாக்கினார். அவர்கள் சொந்தக் காலில் நின்ற பிறகுதான் நாஷ்வில். 1993-இல் முதல் ஆல்பம். பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய பாட்டுகள். ஓடவில்லை.

அதைக் கேட்டுவிட்டு ஒருவர் தேடி வந்தார். ராபர்ட் ஜான் லாங்கே. ‘மட்’ லாங்கே என்பார்கள். ஏ.சி/டி.சி, டெஃப் லெப்பர்ட் போன்ற முரட்டு ராக் கோஷ்டிகளின் கோடிக்கணக்கில் விற்ற தட்டுகளைத் தயாரித்தவர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கல்யாணம். இருவரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். 1995-இல் வந்த இரண்டாவது ஆல்பம் அமெரிக்காவில் ஒரு கோடியைத் தாண்டியது. அடுத்ததுதான் ‘கம் ஆன் ஓவர்’. 16 பாட்டும் இருவரும் சேர்ந்து எழுதியவை.

இதில் லாங்கே செய்த வேலை ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு ஒரு பதிப்பு. அதில் பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் நன்றாகவே கேட்கும். 1998-இல் வெளிநாடுகளுக்கு இன்னொரு பதிப்பு. அதே குரல், அதே பாட்டு. பிடிலைக் குறைத்து, எலெக்ட்ரானிக் ஒலிகளைச் சேர்த்துக் கலந்தது. சாம்பாரில் வீட்டுக்கு வீடு காரம் கூட்டிக் குறைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஐரோப்பாவில் கேட்டவர் பலருக்கு இது கன்ட்ரி என்றே தெரியாது. 1999-இல் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது.

இனி ரசிகர்களின் பேச்சுக்கு வருவோம்.

முதல் வகை, பழைய ரசிகர்கள். கன்ட்ரி என்றால் துக்கம், உழைப்பு, பாவம், பக்தி. குரலில் ஒரு கரகரப்பு இருக்க வேண்டும், வாழ்ந்து அடிபட்டவன் குரல். இந்த ஆல்பத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, ஒரு பிசிறு இல்லை, மைதானத்துக் கூட்டத்தைக் கைதட்ட வைக்கச் செய்த ராக் பாட்டுக்குப் பிடில் வால் ஒட்டியிருக்கிறார்கள் என்றார்கள். வீடியோக்களில் வயிறு தெரிய உடுத்தி ஆடியதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாம் வகை, சந்தேகப் பிராணிகள். இரண்டாவது ஆல்பம் அவ்வளவு விற்றும் இந்த அம்மாள் ஊர் ஊராகக் கச்சேரி செய்யவில்லை. “ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்ட குரல், மேடையில் வராது” என்று பேச்சு. 1998 மே மாதக் கடைசியில் கனடாவின் சட்பரியில் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார். பேச்சு பெருமளவு அடங்கியது. மதுக்கடையில் எட்டு வயசில் பாடியவருக்கு மேடையா பயம்!

மூன்றாம் வகை, பெண்கள். ஆல்பம் இவ்வளவு விற்றதற்கு இவர்களே பெரிய காரணம் என்பது என் எண்ணம். பாட்டுகள் எதைப் பற்றியவை என்று பாருங்கள். நாள் முழுக்க வேலையில் அல்லாடிவிட்டு வீடு திரும்பும் பெண், “நான் வந்தாச்சு, என்னைக் கவனி” என்ற தோரணையில் புருஷனை அதட்டும் பாட்டு ஒன்று. காலம்காலமாக ஆண் சொன்ன வசனம், இங்கே பெண் வாயில். அடிக்கும் புருஷனை விட்டு வெளியேறும் பெண்ணின் பாட்டு ஒன்று. அதை எழுதியவர் சிறு வயதில் தாய் அடிபடுவதைக் கண்ணால் பார்த்தவர். தொடுவதற்கு முன் கேள் என்று ஆணுக்குப் புத்தி சொல்லும் பாட்டு ஒன்று. அழகும் காரும் வைத்துக்கொண்டு அலட்டும் ஆண்களைக் கிண்டலடிக்கும் பாட்டு ஒன்று. தேறாது என்று ஊர் சொன்ன தாம்பத்தியம் நிலைத்துவிட்டதைச் சொல்லும் பாட்டு ஒன்று. இந்தக் கடைசிப் பாட்டுக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் தோன்றுகிறது. ஒலியை வைத்துப் பார்த்தால் பழைய ரசிகர் சொன்னது சரி. பாட்டின் பொருளை வைத்துப் பார்த்தால் இது அசல் கன்ட்ரி. 1952-இல் கிட்டி வெல்ஸ் என்ற இல்லத்தரசி, பெண்கள் கெட்டுப்போவதற்கு ஆண்களே காரணம் என்று ஒரு பாட்டுப் பாடினார். ஆப்ரி மேடையில் முதலில் அதைப் பாடவிடவில்லை. மக்களோ அதைக் கன்ட்ரிப் பட்டியலின் முதலிடத்துக்குத் தூக்கினார்கள். 1975-இல் லொரெட்டா லின் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடினார். பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. சுரங்கத் தொழிலாளி மகள் அவர். இந்த வரிசையில் டிம்மின்ஸ் சுரங்க ஊர்ப் பெண்ணை உட்கார வைத்தால் கொஞ்சமும் உறுத்தாது. உழைக்கும் ஏழைப் பெண் தன் வீட்டுக் கதையைப் பேசுவது கன்ட்ரியில் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை ஷனாயா முரசு கட்டிச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்படியானால் பழைய ரசிகர்களின் புலம்பல் வெறும் பொறாமையா? அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1999 செப்டம்பர் மாதம் நாஷ்வில்லில் நடந்த ஒரு விருது விழாவைப் பாருங்கள்.

ஜார்ஜ் ஜோன்ஸ், முன்னே சொன்னேனே, அவருக்கு அப்போது 68 வயது. குடியால் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டு, அந்த ஆண்டு கார் விபத்தில் சாகப் பிழைத்தவர். தன் தவறுகளைத் தானே ஒப்புக்கொள்ளும் ‘சாய்சஸ்’ என்ற பாட்டு அவருடையது. விழாவில் அதைப் பாட அழைத்தார்கள். முழுப் பாட்டு வேண்டாம், சுருக்கிப் பாடுங்கள் என்றார்கள். கிழவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். விழா நேரடி ஒளிபரப்பில் போய்க்கொண்டிருந்தது. ஆலன் ஜாக்சன் மேடையேறித் தன் பாட்டைப் பாட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். ஜோன்ஸின் பாட்டை எடுத்துப் பாடினார். பாடி முடித்து மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டார். அரங்கம் எழுந்து நின்றது. அதே இரவு, அதே மேடையில், அந்த ஆண்டின் மிக உயர்ந்த விருதை ஷனாயா ட்வெய்ன் பெற்றார். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஒரே இரவில் இரண்டு நியாயங்கள். ஷனாயா உழைத்துப் பெற்றார், சந்தேகமில்லை. ஜோன்ஸுக்கு முழுப் பாட்டுக்கு நேரம் கொடுக்காததும் அநியாயம்தான். 1996-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம், ஒரே கம்பெனி எத்தனை வானொலி நிலையம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று, நாடு தழுவிய உச்சவரம்பை நீக்கியது. பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் வாங்கின. எந்தப் பாட்டு ஓடும் என்பதைத் தலைமை அலுவலகம் முடிவு செய்தது. பழைய பாடகர்களுக்கு வானொலியில் இடம் சுருங்கிப்போனது. அறுபது வயது ரசிகர் காலையில் ரேடியோவைத் திருப்பினால் தன் ஆள் யாருமே இல்லை. ‘கம் ஆன் ஓவர்’ திருப்பித் திருப்பி வருகிறது. அவர் யாரைத் திட்டுவார்? கம்பெனியின் கணக்கர் முகம் அவருக்குத் தெரியாது. தெரிந்த முகம் ஷனாயாவுடையது. திட்டு அங்கே போய் விழுந்தது. அடுத்த ஆண்டு ஆலன் ஜாக்சனும் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்து, நாஷ்வில்லில் கன்ட்ரியைக் கொலை செய்துவிட்டார்கள் என்ற பொருளில் ஒரு பாட்டே பாடினார்கள்.

இதிலும் ஒரு வேடிக்கை. ஜோன்ஸின் ஆகப் பெரிய பாட்டு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் 1980-ஆம் ஆண்டுப் பாட்டில் கூட்டு வயலின்கள் அலை அலையாக எழும். பில்லி ஷெரில் என்ற தயாரிப்பாளரின் கைவண்ணம். அந்த பாணியையும் ஒரு காலத்தில் பாப் என்று குறை சொன்னவர்கள் உண்டு!

ஷனாயா 2002-இல் வெளியிட்ட அடுத்த ஆல்பத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒரே பாட்டுகளை மூன்று விதமாகப் போட்டார். சிவப்பு பாப், பச்சை கன்ட்ரி, நீலம் இந்திய பாணி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வாழும் துகல் சகோதரர்கள், சைமனும் டயமண்டும், நீலப் பதிப்பில் வேலை செய்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிவப்பும் பச்சையும், மற்ற நாடுகளில் சிவப்பும் நீலமும் விற்றன. “எது கன்ட்ரி?” என்று கேட்டவர்களுக்கு, “உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கடை விரித்தது போல இருந்தது.

பிறகு உண்ணி கடித்து வந்த நோயால் அவர் குரல் கெட்டது. 2008-இல் கணவரோடு பிரிவு. பதினைந்து வருஷம் புது ஆல்பம் இல்லை. 2017-இல் வந்ததில் எல்லாப் பாட்டையும் தாமே எழுதினார். முன்போல விற்கவில்லை, குரலும் கனத்திருந்தது. ஆனாலும் அமெரிக்கப் பொதுப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. ‘கம் ஆன் ஓவர்’ ஒருபோதும் ஏறாத இடம் அது. ஆட்டுவித்தது புருஷன் என்று சொன்னவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

சண்டை ஓயவில்லை. 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டைக் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து பில்போர்டு நீக்கியது. 2024-இல் பியான்சே ஒரு கன்ட்ரி ஆல்பம் போட்டபோதும் அதே பேச்சு. பாஞ்சோ யார் கொண்டுவந்த வாத்தியம் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இப்போதைய பாட்டுகளைப் பிடிக்காத நடுவயது ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? “ஷனாயா காலத்துக் கன்ட்ரி மாதிரி வருமா?” என்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த விஷயம்தானே இது. நாம் இளமையில் கேட்டது அசல், பிறகு வந்தது கலப்படம். கலப்படம் என்று நாம் சொன்னதை நம் பிள்ளைகள் அசல் என்பார்கள். நாம் திட்டும்போது பாட்டைத் திட்டுகிறோமா, நமக்கு இடமில்லாமல் போனதைத் திட்டுகிறோமா என்று ஒரு நிமிஷம் யோசித்தால் நல்லது. இரண்டாவது என்றால், அந்த வருத்தம் நியாயமானது. பாடியவர்மேல் அதைக் கொட்டுவதுதான் நியாயமில்லை.

பேரப்பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால், கைப்பேசியில் முதலில் ஜிம் ரீவ்ஸ் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அடுத்து ‘கம் ஆன் ஓவர்’ ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பு, பிறகு வெளிநாட்டுப் பதிப்பு. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிடில் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று காது தானே கண்டுபிடித்துவிடும்.